யூரியா உடையும் விதமும் அதன் சத்தை மண்ணில் மறிக்கும் முறையும்

கமக்காரர்களே,

இரணைமடு, அக்கராயன், முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் முதலிய குளங்களின் கீழ் நெல் விளைவிப்போரும், மேட்டுக்காணியிற் கிணற்றுநீர் இறைத்து மிளகாய், கத்தரி, வெண்டி, வெங்காயம் பயிரிடுவோரும் கையாளும் பசளைகளுள் முதலிடம் பெறுவது யூரியா. எந்த வாரத்தில் எத்தனை கிலோ இடுவது என்பதை நீங்கள் நன்கறிவீர்கள். ஆயினும், தூவிய யூரியா அதன்பின் என்னவாகிறது என்பதைப் பலர் ஆராய்வதில்லை. அதனை அறிந்துகொண்டால், அதே ஒரு மூடைப் பசளை கூடுதலான பயன் தரும்.

நீர் நிற்கும் வயலில் தூவிய யூரியாவின் சத்தில் மூன்றிலொரு பங்கு, சில வேளைகளிற் பாதிவரையும், காற்றிற் பறந்துபோகக் கூடும் என்பதை வெப்பநாடுகளின் நெல்வயல்களிற் செய்யப்பட்ட அளவீடுகள் காட்டியுள்ளன. ஏக்கருக்கு 90 கிலோ யூரியா வீதம் மூன்று ஏக்கருக்கு 270 கிலோ இடுவதாக வைத்துக்கொள்வோம். அதில் மூன்றிலொன்று போனால் இழப்பு 90 கிலோ. அஃதாவது, ஏறக்குறைய இரண்டு மூடை யூரியாவைக் காசு கொடுத்து வாங்கி, கூலி கொடுத்துத் தூவி, காற்றுக்குக் கொடுத்துவிட்டோம் என்பது பொருள். இந்த இழப்பு எவ்வாறு நேர்கிறது, அதனை எவ்வாறு தடுக்கலாம் என்பவற்றை இத்துண்டுப் பிரசுரம் விளக்குகின்றது.

யூரியா என்பது யாது?

மாடு, ஆடு, மனிதர் ஆகியோரின் சிறுநீரில் இயல்பாகவுள்ள பொருள் யூரியா. 1828ஆம் ஆண்டில் வோலர் என்னும் செருமானிய இரசாயன அறிஞர் இதனை ஆய்வுகூடத்திற் செயற்கையாக ஆக்கிக் காட்டினார். இன்று தொழிற்சாலைகளில் அமோனியா வாயுவையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் மிகுந்த அமுக்கத்திலும் வெப்பத்திலும் சேர்த்து யூரியா ஆக்கப்படுகின்றது. இதில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். எனவே 50 கிலோ மூடையொன்றில் 23 கிலோ நைதரசன் உண்டு.

அந்த நைதரசனைப் பயிர் பெரும்பாலும் யூரியாவாகவே உண்பதில்லை. யூரியா முதலில் நீரோடு சேர்ந்து உடைந்து, தான் எவற்றால் ஆக்கப்பட்டதோ அந்த அமோனியாவாகவும் காபனீரொட்சைட்டாகவும் மீளவேண்டும். அமோனியா ஈரமண்ணில் அமோனியமாக மாறிக் களிமண்ணிலும் மக்கிலும் ஒட்டிக்கொள்கிறது. அவ்வாறு ஒட்டியதையே நெல்லின் வேர் எடுத்துக்கொள்கிறது. 50 கிலோ யூரியா முழுவதும் உடைந்தால் ஏறக்குறைய 28 கிலோ அமோனியா உண்டாகும். அமோனியாவோ இயல்பில் ஒரு வாயு. மண் பிடித்துக்கொண்டால் அது பசளை. பிடிக்காவிட்டால் வெறும் நாற்றமாய்ப் போய்விடும்.

உடைப்பது எது?

சுத்தமான நீரிற் கரைத்து வைத்த யூரியா தானாக உடைவதற்குப் பல ஆண்டுகள் செல்லும். ஆனால் வயலிலோ இரண்டு மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் அது பெரும்பாலும் உடைந்துவிடுகிறது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் மண்ணிலுள்ள ஓர் ஊக்கி.

ஊக்கி என்றால் யாது? மேல்வயலில் நீர் நிற்கிறது, கீழ்வயல் காய்கிறது. இடையில் வரம்பு உயர்ந்திருக்கும் வரை நீர் இறங்குவதில்லை. வரம்பில் ஒரு வாய் வெட்டிவிட்டால் உடனே இறங்குகிறது. வெட்டிய வாய் நீரைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. நீர் கடக்கவேண்டிய உயரத்தை மட்டும் குறைக்கின்றது. நீர் முழுவதும் இறங்கிய பின்னரும் அந்த வாய் அப்படியே இருக்கிறது. அதுபோன்று, ஒரு மாற்றம் விரைவாக நடப்பதற்கு வழிசெய்து, தான் செலவாகாமல் நிற்கும் பொருளே ஊக்கி எனப்படும்.

யூரியாவை உடைக்கும் ஊக்கிக்கு யூரியேசு என்று பெயர். உயிர்கள் ஆக்கும் ஊக்கியாதலால் இது நொதியம் என்னும் வகுப்பைச் சேர்ந்தது. மண்ணில் வாழும் பற்றீரியாக்கள், பூஞ்சணங்கள், பயிர்கள், களைகள் யாவும் இதனை ஆக்குகின்றன. அவை இறந்த பின்னரும் யூரியேசு களிமண்ணிலும் மக்கிலும் ஒட்டி நின்று தன் வேலையைத் தொடர்கிறது. 1926ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் யேம்சு சம்னர், வாளவரைக்கு உறவான ஓரின அவரையின் விதையிலிருந்து யூரியேசைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். உலகில் முதன்முதலாகப் பளிங்காகப் பெறப்பட்ட நொதியம் அதுவே. அதற்காக 1946இல் அவருக்கு நோபெல் பரிசிற் பங்கு கிடைத்தது. இந்த நொதியத்தின் நடுவே நிக்கல் என்னும் உலோகம் இருப்பது 1975இல் அவுத்திரேலிய அறிஞர்களால் அறியப்பட்டது. யூரியேசு, யூரியா தானாக உடையும் வேகத்தைக் கோடி கோடி மடங்காகப் பெருக்க வல்லது.

இதன் வேலையை நீங்கள் நாள்தோறும் முகர்ந்து அறிகிறீர்கள். மாடு அப்போது விட்ட சிறுநீரில் அமோனியா நாற்றம் மிகுதியாக இருப்பதில்லை. சாணத்திலும் தரையிலுமுள்ள யூரியேசு அதனை உடைத்தபின், காலையில் மாட்டுக்கொட்டிலுக்குட் புகும்போது மூக்கை அரிக்கும் நெடி எழுகிறது. அந்த நெடியாக வெளியேறுவது உங்கள் எருவின் நைதரசனே. வைக்கோலை நிறையப் பரப்பி வைத்தால் சிறுநீர் அதில் ஊறிச் சத்தின் பெரும்பங்கு எருவில் நிற்கும்.

லொறியின் புகைக்குழாயில் யூரியா

இதே யூரியாவை உடைக்கும் வேலை இன்று வயலுக்கு வெளியேயும் நடக்கின்றது. அதனை அறிவது நமக்கு ஒரு பாடமாகும்.

டீசல் எஞ்சினின் மிகுந்த வெப்பத்திற் காற்றிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நைதரசன் ஒட்சைட்டுக்கள் என்னும் நச்சுவாயுக்கள் உண்டாகின்றன. இவை நுரையீரலைத் தாக்குவன. அமில மழைக்கும் காரணமானவை. புதிய வகை டீசல் லொறிகள், பேருந்துகள் பலவற்றில் இவற்றை நீக்குவதற்காக, எரிபொருள் தாங்கிக்கு அருகே நீலமூடியிட்ட சிறு தாங்கி ஒன்று உண்டு. அதில் நூற்றுக்கு 32.5 பங்கு தூய யூரியா கலந்த நீர் ஊற்றப்படுகிறது. அட்புளூ என்னும் பெயரில் விற்கப்படுவது இதுவே.

இந்நீர் சூடான புகைக்குழாயினுள் நுண்துளிகளாகச் சீறப்படும். நீர் ஆவியாக, வெப்பத்தால் யூரியா இரண்டாகப் பிரிகின்றது. ஒரு பாதி அமோனியா. மறுபாதி ஐசோசயனிக் அமிலம். அந்த அமிலமும் நீராவியோடு சேர்ந்து அமோனியாவாதல் வேண்டும். இதனை விரைவுபடுத்தும் ஊக்கி தைத்தேனியம் ஒட்சைட்டு. பின்னர் அமோனியா, வனேடியம் ஒட்சைட்டு அல்லது செம்போ இரும்போ ஏற்றிய சியோலைட்டு என்னும் வேறோர் ஊக்கியின் மீது நைதரசன் ஒட்சைட்டுக்களோடு கலந்து, தீங்கற்ற நைதரசன் வாயுவாகவும் நீராவியாகவும் மாறுகிறது.

இதில் நாம் கவனிக்கவேண்டியவை மூன்று. முதலாவது, யூரியா உடையவேண்டிய இடம் முன்கூட்டியே நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. அது உடைந்து உண்டாகும் அமோனியாவைப் பயன்படுத்தும் ஊக்கி அதற்கு அடுத்தே வைக்கப்பட்டுள்ளது. இரண்டாவது, புகையில் எவ்வளவு நச்சுவாயு உளதோ அதற்கேற்பவே யூரியா நீர் அளந்து விடப்படுகிறது. மூன்றாவது, அளவுக்கு மிஞ்சிய அமோனியா வெளியே தப்பாதிருக்க இறுதியிற் பிளாற்றினம் கொண்ட காவல் ஊக்கி ஒன்றும் அமைக்கப்படுகிறது.

வயலிற் காவல் ஊக்கி இல்லை. அங்கே காவல் மண் ஒன்றே. ஆகவே உடையும் இடத்தையும் நேரத்தையும் அளவையும் கமக்காரரே நிச்சயிக்கவேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே வேண்டும். பசளை யூரியாவை நீரிற் கரைத்து லொறித் தாங்கியில் ஊற்றலாமென்று எண்ணவேண்டாம். பசளையிலுள்ள பையூரெற்றும், மணிகள் கட்டிபடாதிருக்கச் சேர்க்கும் பொருள்களும், கிணற்றுநீரின் கல்சியமும் ஊக்கியைக் கெடுத்துக் குழாயை அடைத்துவிடும்.

வயலில் அமோனியா தப்பும் விதம்

யூரியாவுக்கும் அமோனியத்துக்கும் முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு. உடையாத யூரியா மண்ணில் ஒட்டாது. நீர் செல்லும் வழியே தானும் செல்லும். உடைந்து உண்டான அமோனியமோ களிமண்ணைப் பற்றி நின்றுவிடும். எனவே யூரியா மண்ணுக்குள் இறங்கிய பின் உடைந்தால் அமோனியம் மண்ணிற் பிடிபடும். மண்ணின் மேலேயோ நிற்கும் நீரிலேயோ உடைந்தால், பற்றுவதற்கு மண்ணின்றி வாயுவாகப் பறக்கும். ஊக்கி உடைப்பதற்கு முன் யூரியாவை மண்ணுக்குள் இறக்குதலே கமக்காரர் செய்யவேண்டிய வேலை.

பறத்தலை மிகுவிப்பன நான்கு. முதலாவது நீரின் காரத்தன்மை. வயல்நீரிலுள்ள பச்சைப்பாசி பகலில் நீரின் காபனீரொட்சைட்டை உண்பதால் நண்பகலிற் காரத்தன்மை ஏறுகின்றது. காரம் ஏறஏற அமோனியம் வாயுவாக மாறும். இரண்டாவது வெப்பம். மூன்றாவது காற்று. சிறுபோகத்திற் சோளகக் காற்று வெட்டவெளி வயல்களின் மேல் வீசும் நாள்களில் இழப்பு அதிகம். நான்காவது மண்ணின் தன்மை. மணற்பாங்கான மண்ணுக்கு அமோனியத்தைப் பற்றும் வலி குறைவு. உவரும் காரமும் ஏறிய தாழ்ந்த காணிகளிலும் அமோனியா விரைந்து வெளியேறும்.

நெல்வயலுக்குரிய முறைகள்

புழுதி விதைப்புச் செய்வோர் மழைக்கு முன் காய்ந்த மண்ணில் யூரியாவைத் தூவவேண்டாம். சிறு தூறலில் அது மேற்பரப்பிலேயே உடைந்து பறக்கும். எஞ்சியது நைத்திரேற்றாக மாறி, பெருமழையில் வயல் நீர்கட்டியதும் நைதரசன் வாயுவாகி இழக்கப்படும். நாற்றுக்களும் பசளை எடுக்கும் அளவுக்கு அப்போது வளர்ந்திரா.

மேற்பசளை இடும்போது, முதலிற் களையை நீக்குக. களை உங்கள் பசளையை உண்பதோடு, அதன் இலைதழையிலும் யூரியேசு உண்டு. பின்னர் நிற்கும் நீரை வடித்துவிடுக. மண் சேறாகக் குழைந்திராது சற்றே இறுகியதும், வெடிப்பதற்கு முன், யூரியாவை ஒரே சீராகத் தூவுக. அன்றே அல்லது மறுநாளே நீர் பாய்ச்சுக. மண்ணுக்குள் இறங்கும் நீர் உடையாத யூரியாவைத் தன்னோடு கொண்டு செல்லும். ஏற்கனவே நீர் நிறைந்த சேற்றில் மேலும் நீர் விட்டால் அது இறங்காது. யூரியா மேலேயே நின்றுவிடும்.

முறைவைத்து நீர் விடும் குளங்களின் கீழ், நீர் கிடைக்கும் நாளைக் கமக்கார அமைப்பில் முன்னரே அறிந்து, அதற்கு முதல்நாள் யூரியா இடுவதற்கு ஆயத்தமாகுக. நீர்முறை முடிந்த மறுநாள் இடுவது பசளையை வீணாக்குவதாகும். பாய்ச்சிய நீர் அயல்வயலுக்கு வழியாதபடி வரம்பின் வாய்களையும் நண்டுவளைகளையும் அடைத்துக்கொள்க.

பிற்பகலில் வெயில் தாழ்ந்தபின் தூவுதல் நன்று. காலையில் இலையிற் பனி இருக்கும். அதில் ஒட்டும் மணி இலையைக் கருக்கும். நண்பகலில் நீரும் காற்றும் சூடேறியிருக்கும். கடும் மழை வருமெனத் தோன்றும் நாளிலும் இடவேண்டாம்.

முழு அளவையும் ஒரேமுறையில் இடவேண்டாம். உங்கள் நெல்லினத்தின் வயதுக்கும் நீர்வசதிக்கும் விவசாயத் திணைக்களம் விதித்த தவணைகளின்படி பிரித்து இடுக. இளம்பயிர் சிறிதே உண்ணும். மட்டம் வெடிக்கும் காலத்திலும் குடலை தோன்றும் காலத்திலும் அதிகம் வேண்டும். புகைக்குழாயில் அளந்து விடுவதன் தத்துவமும் இதுவே. இலையின் நிறத்தை இலைவர்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து இடுவோர் தேவையற்ற தவணையைத் தவிர்க்கலாம். கடும்பச்சையாக நிற்கும் பயிருக்கு மேலும் யூரியா இட்டால், நெல் சாய்தலும் கபிலத்தத்தியும் எரிபந்த நோயும் மிகும்.

தோட்டப் பயிர்களுக்குரிய முறைகள்

மேட்டுக்காணிச் செம்மண்ணில் யூரியாவை மண்ணின் மேலே விட்டுவிடுதல் பெருந்தவறு. மிளகாய், கத்தரி, வெண்டி ஆகியவற்றுக்குச் செடியின் அடியிலிருந்து ஒரு சாண் அளவுக்குச் சற்றுக் குறைவாக விலக்கிச் சிறு பள்ளம் வெட்டி, இரண்டு அங்குல ஆழத்தில் இட்டு, மண்ணால் மூடி, உடனே நீர் விடுக. மேலே உள்ள மண் அமோனியாவை மறிக்கும் மூடியாகும். விதையோடும் இளவேரோடும் யூரியாவைச் சேர்த்து இடவேண்டாம். உடையும்போது எழும் அமோனியா முளையைக் கொல்லும். வெங்காயப் பாத்திகளிற் பரவலாக இடுவோர் உடனே நீர் இறைத்தல் வேண்டும்.

அடுப்புச் சாம்பலையோ சுண்ணாம்பையோ யூரியாவோடு கலந்து இடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இதனை விட்டொழித்தல் வேண்டும். சாம்பலும் சுண்ணாம்பும் காரமுள்ளவை. அமோனியாவை மண்ணிலிருந்து துரத்துபவை. சாம்பல் இடவேண்டுமாயின் யூரியா இடுவதற்குச் சில வாரங்கள் முந்தி இட்டு மண்ணோடு கொத்திவிடுக.

ஊக்கியை அடக்கும் பொருள்கள்

யூரியேசின் வேலையைச் சில நாள்களுக்குத் தாமதப்படுத்தும் பொருள்களும் உள. என்.பி.பி.ரி. என்னும் இரசாயனம் பூசிய யூரியா சில நாடுகளில் விற்கப்படுகிறது. இந்தியாவில் 2015ஆம் ஆண்டிலிருந்து உள்நாட்டில் உற்பத்தியாகும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசப்படவேண்டுமென அரசு விதித்தது. வேம்பு தாமதப்படுத்துவது பெரும்பாலும் அடுத்த படியையே. அஃதாவது, அமோனியம் நைத்திரேற்றாக மாறுவதை. ஆகவே வேம்பு கலந்த யூரியாவாயினும் நிற்கும் நீரிலே தூவலாம் என்று எண்ணவேண்டாம். மண்ணுள் இறக்கும் வேலை எந்த யூரியாவுக்கும் உண்டு.

நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனை

மூன்று கண்ணாடிப் போத்தல்கள் எடுங்கள். ஒன்றிற் கொதித்தாறிய நீரும் ஒரு தேக்கரண்டி யூரியாவும் இடுங்கள். இரண்டாவதில் வயலின் ஈரமண்ணை இட்டு, அதன் மேலே ஒரு சிட்டிகை யூரியாவைத் தூவுங்கள். மூன்றாவதில் அதே அளவு யூரியாவை இட்டு, அதன்மேல் மூன்று அங்குல உயரத்துக்கு ஈரமண்ணை நிரப்பி அமுக்குங்கள். மஞ்சள் கரைத்த நீரில் தோய்த்த ஈரக் கடதாசித் துண்டு ஒன்றை ஒவ்வொரு போத்தலின் வாயிலும் தொங்கவிட்டு மூடுங்கள். மூன்று நான்கு நாளில் இரண்டாவது போத்தலின் கடதாசி சிவக்கத் தொடங்கும். முதலாவதில் ஊக்கி இல்லை. மூன்றாவதில் மண் மறிக்கின்றது. பிள்ளைகளுக்கும் இதனைக் காட்டுங்கள். போத்தலை மூக்கருகே வைத்து முகரவேண்டாம்.

மாடுகளைப் பற்றிய எச்சரிக்கை

மாட்டின் முதல் வயிற்றிலும் யூரியேசு மிகுதியாக உண்டு. பசியோடு அல்லது தாகத்தோடு வரும் மாடு யூரியாவை உண்டாலும், யூரியா கரைந்த நீரைக் குடித்தாலும், அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் அமோனியா இரத்தத்தில் ஏறி, நடுக்கமும் வயிற்று உப்பலும் கண்டு இறக்கவும் கூடும். பசளை மூடைகளை மாடு எட்டாத இடத்தில் வையுங்கள். வெறும் பைகளைக் கழுவிய நீரை வாய்க்காலிலோ தொட்டியிலோ விடவேண்டாம். யூரியா இட்டு நீர் பாய்ச்சிய வயலிலும் அதன் கழிவு வாய்க்காலிலும் சில நாள்களுக்குப் பட்டியை இறக்கவேண்டாம். மேற்சொன்ன குறிகளைக் கண்டால் தாமதியாது கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள்.

முடிவு

யூரியா நம் நாட்டில் உற்பத்தியாவதன்று, கப்பலில் வருவது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிலேயே தடை நீக்கப்பட்டது. தொடர்ந்த காலபோகத்தில் நெல் விளைச்சல் பெருமளவு வீழ்ந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அதே ஆண்டின் இறுதியிற் சீனா யூரியா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியமையால், தென்கொரியாவில் யூரியா நீர் இன்றி லொறிகள் நின்றுபோகும் நிலையும் ஏற்பட்டது. வயலுக்கும் வண்டிக்கும் வேண்டிய பொருள் ஒன்றாகியுள்ளமையால் அதன் விலையும் வரவும் நமது கையில் இல்லை. கையிலுள்ள மூடையைக் காப்பது மட்டுமே நமது கையில் உண்டு.

ஆகவே பின்வருவனவற்றை மனத்திற் கொள்க.

1. யூரியாவை நிற்கும் நீரிற் தூவவேண்டாம். நீரை வடித்துத் தூவி, மறுநாளைக்குள் நீர் பாய்ச்சுக.

2. தவணை தவணையாக, பயிருக்கு வேண்டிய அளவே இடுக.

3. தோட்டத்தில் மண்ணுள் இட்டு மூடி நீர் விடுக.

4. சாம்பலோடும் சுண்ணாம்போடும் கலவற்க.

5. வெயிலும் சோளகமும் தணிந்த நேரத்தில் இடுக.

6. மாடுகளை யூரியாவிலிருந்து விலக்கிக் காக்க.

உங்கள் காணியின் மண்ணைப் பரிசோதிப்பது பற்றியும், உங்கள் நெல்லினத்துக்குரிய தவணைகள் பற்றியும் அறிய, உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் காண்க. வரும் போகத்தில் ஒரு பாத்தியிலாவது இம்முறையைக் கையாண்டு, பழைய முறையில் இட்ட அயற்பாத்தியோடு அறுவடையை ஒப்பிட்டுப் பாருங்கள். நெல்லின் நிறையே உங்களுக்கு எஞ்சியதைக் கூறும்.